அம்மாவுக்கு ஒரு தொட்டி போதும்

கேள்வி: அம்மாவுக்கு 79 வயது, முதியோர் இல்லத்தில் இருக்கிறார். வீட்டில் இருந்தவரை பாதி நாள் மாடித் தோட்டத்திலேயே போகும். இங்கே புல்தரை, பூச்செடி எல்லாம் இருக்கிறது, ஆனால் கைவைக்க விடுவதில்லை. 'விழுந்துவிட்டால் யார் பொறுப்பு?' என்கிறார்கள். எங்களுக்கும் பயம்தான். உட்கார்ந்து பார்த்தால் போதாதா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: பார்ப்பதும் வீண் இல்லை. பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள் என்று ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-லேயே எழுதினார். ஆனால் உங்கள் அம்மா வேடிக்கை பார்த்தே பழகியவர் இல்லையே!

1976-இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் இருவரும் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு தளத்தாரிடம் செடியைக் கொடுத்து 'இது உங்கள் பொறுப்பு' என்றார்கள். இன்னொரு தளத்தில் செடி கொடுத்தாலும் தண்ணீர் ஊற்றியது நர்ஸ். மூன்றே வாரத்தில் முதல் தளத்தார்தான் அதிகச் சுறுசுறுப்பாக இருந்தார்கள். அவர்களுக்கு வேறு சில விஷயங்களிலும் சொந்தமாக முடிவெடுக்க விட்டிருந்தார்கள், அதனால் எல்லாப் பெருமையும் செடிக்கே இல்லை, ஆனாலும் 'என்னுடையது' என்று ஒன்று கையில் இருப்பதில் விஷயம் இருக்கிறது.

சரி, விழுகிற பயம். அது நியாயமானதுதான், ஆனால் குனிந்து எழும்போது வரும் கிறுகிறுப்பும், ஈரத் தரையும், வழியில் கிடக்கும் தண்ணீர்க் குழாயும்தான் பெரும்பாலும் ஆளைச் சாய்க்கும், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதனால் தொட்டியை மேலே ஏற்றுங்கள். மேசை உயரத்தில் ஒரு குரோ பேக் (மண் நிரப்பிச் செடி வளர்க்கும் பை), பக்கத்தில் கைப்பிடி உள்ள நாற்காலி, அரை லிட்டர் பிடிக்கும் சின்னப் பூவாளி, காலை வெயில் ஏறும் முன் அரை மணி நேரம், அவ்வளவுதான். சர்க்கரை இருந்தால் கையுறையும் செருப்பும் கட்டாயம். அங்கே மறதி நோய் உள்ளவர்களும் இருந்தால் அரளி பக்கமே போகாதீர்கள், அது விஷம்.

முதலில் வெந்தயம் போடச் சொல்லுங்கள். மூன்றாம் நாளே முளை எட்டிப் பார்க்கும், மூன்று நான்கு வாரத்தில் பறித்துவிடலாம். அப்புறம், அந்தக் கீரையை அவர்கள் சமையலறையில் வாங்கிக்கொள்வார்களா என்று இப்போதே கேட்டுவையுங்கள். பறித்தது குப்பைக்குப் போனால் அம்மாவுக்கு மனசு விட்டுப்போகும்.