ஆண்கள் சட்டை: தரமும் அளவும் – கேள்வி பதில்

காரைக்குடியில் சட்டை வெட்டுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், வந்து சேர்ந்த கேள்விகளுக்கு விடை எழுதியிருக்கிறேன்.

தேவகோட்டை வாசகர்: ரெடிமேடில் ஒரு கம்பெனியின் 40 பொருந்துகிறது, இன்னொன்றின் 40 தொளதொளக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

நம் ஊர்க் கடைகளில் 39, 40, 42 என்று போடுவது பெரும்பாலும் கழுத்தின் சுற்றளவு, அதுவும் சென்டிமீட்டரில். மார்பும் இடுப்பும் அந்தக் கழுத்துக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் கம்பெனிக்காரர் தம் விருப்பப்படி முடிவு செய்கிறார். ஆகவே எண்ணை நம்பாமல் முதலில் தோளைப் பாருங்கள்: கையை இணைக்கும் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். அது கையில் இறங்கிக் கிடந்தால், கையைப் பிரித்துத் தோளை வெட்டாமல் எந்தத் தையற்காரரும் சரி செய்ய முடியாது. அடுத்து காலர் பட்டனைப் போட்டு இரண்டு விரலை நுழையுங்கள். தாராளமாகச் சுழன்றால் பெரிது, நுழையவே மறுத்தால் சிறிது. பிறகு இரண்டு கைகளையும் தூக்குங்கள். சட்டை முழுவதும் இடுப்பிலிருந்து மேலேறினால் கைக்குழி தாழ வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள், அதற்கும் மருந்து இல்லை. கடைசியாக உட்கார்ந்து பாருங்கள், வயிற்றுப் பட்டன்கள் இழுபடுகின்றனவா என்று. பக்கவாட்டில் அகலம் கூடுதலாக இருந்தால் கவலை வேண்டாம், அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

காரைக்குடி வாசகர்: 100 நம்பர் நூல் 60 நம்பரைவிட உயர்ந்ததுதானே?

எண் கூடினால் நூல் மெல்லியது என்றுதான் பொருள், உறுதியானது என்பதல்ல. 100க்கு மேல் போனால் இரண்டு இழை முறுக்கிய நூலா என்று கேளுங்கள். ஒற்றை இழையில் நெய்தது பார்வைக்குப் பட்டுப்போல இருந்துவிட்டுக் காலர் மடிப்பில் சீக்கிரம் நைந்துபோகும், வெள்ளையாக இருந்தால் உள்பனியனையும் காட்டிக்கொடுக்கும். நம் பக்கத்து வெயிலில் தினசரி உடுத்த 60, 80 போதும்.

பள்ளத்தூர் வாசகர்: காலரில் ஃபியூசிங் ஒட்டுவது ஏமாற்று வேலை. எங்கள் ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த சட்டைகளில் உள்துணி வைத்துத் தைத்துத்தான் இருந்தது. சரிதானே?

பாதி சரி. ஒட்டும் காலரில் உள்துணியின் ஒருபுறம் பசை இருக்கும். சூட்டிலும் அழுத்தத்திலும் அது உருகி மேல்துணியைப் பற்றிக்கொள்கிறது. ஒட்டாத காலரில் உள்துணி சும்மா இடையில் கிடக்கும், விளிம்புத் தையல்தான் அதைப் பிடித்திருக்கும். காலரின் இரு பக்கத்துத் துணியையும் இரண்டு கை விரல்களால் பிடித்து மெதுவாக விலக்கினால், நடுவில் ஒரு துணி தனியே நழுவுவது தெரிந்தால் அது ஒட்டாதது. அது கழுத்தில் இயல்பாக வளையும், ஆனால் ஒவ்வொரு முறையும் பொறுமையாக இஸ்திரி போட வேண்டும். ஒட்டியதோ அதிக உழைப்பின்றி விறைப்பாக நிற்கும். இரண்டும் முறையான வேலைகளே. ஏமாற்று என்பது அரைகுறையாக ஒட்டுவதுதான்.

கோட்டையூர் வாசகர்: பள்ளத்தூர்க்காரருக்கு என் மறுப்பு. என் ரெடிமேட் சட்டைகள் எல்லாம் ஒட்டிய காலர்தான், ஒன்றிலும் குமிழ் வந்ததில்லை.

வராது, ஏனென்றால் ஆலையில் அதற்கென்றே உள்ள இயந்திரத்தில், சூடும் அழுத்தமும் நேரமும் அளந்து ஒட்டுகிறார்கள். சிறிய கடையில் சாதாரண இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து ஒட்டும்போதுதான் இடையிடையே பற்றாமல் விட்டுப்போகிறது. இன்னொரு காரணம், நனைக்காத துணி: துவைத்ததும் மேல்துணி சுருங்கும், உள்துணி சுருங்காது, இரண்டும் பிரிந்து குமிழியிடும். சட்டைத்துணியை நனைத்து உலர்த்தாமல் வெட்டக் கொடுக்காதீர்கள்.

பள்ளத்தூர் வாசகர்: அப்படியானால் கஞ்சி போட்டால் ஒட்டாத காலரும் விறைப்பாக நிற்குமே! ஃபியூசிங் எதற்கு?

நிற்கும், நம் கல்யாண வீடுகளில் மத்தியானம்வரை நிற்கும். அதற்குப் பிறகு வியர்வையில் தொய்ந்துவிடும். தவிர, கஞ்சியேறிய மடிப்பு உடைந்து உடைந்து நூல் அறுகிறது. திருமணத்திற்கு ஒட்டிய காலரும், அன்றாடத்திற்கு ஒட்டாத காலரும் என்பது என் கட்சி. இருவரும் என் கடைக்கு வந்தால் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறேன், இங்கே இதோடு நிறுத்திக்கொள்வோம்.

புதுவயல் வாசகர்: 58 அங்குல அகலத் துணி, முழுக்கைச் சட்டைக்கு எவ்வளவு? நனைக்க வேண்டுமா?

நடுத்தர உடலுக்கு 1.60 மீட்டர். நனையுங்கள்.

கானாடுகாத்தான் வாசகர்: வேட்டிக்கு மேல் விடும் சட்டையில் அடிப்பக்கம் நேராக இருக்க வேண்டுமா, ஆப்பிள் கட்டா?

நேராக வெட்டி, பக்கங்களில் சிறு திறப்பு விடுவதுதான் அழகு. ஆப்பிள் கட் கால்சட்டைக்குள் செருகுவதற்காக வளைத்தது, அதன் முன்பின் வால்கள் வேட்டிக்கு மேல் தொங்கினால் சட்டையை இரவல் வாங்கியதுபோல் தெரியும். பின்புறம் இடுப்பெலும்பைத் தாண்டி, உட்காரும் பகுதியின் நடுவரை நீளம் போதும்.

குன்றக்குடி வாசகர்: தைத்தபோது சரியாக இருந்த கழுத்து இரண்டு துவையலுக்குப் பின் பட்டன் போட முடியாமல் இறுகிவிட்டது. தையற்காரர் தவறா?

மேலே எழுதியதைப் படித்தீர்களா? நூற்றுக்கு மூன்று சுருங்கினாலே 16 அங்குலக் கழுத்தில் ஏறக்குறைய அரை அங்குலம் போய்விடும். துணியை நனைத்தா கொடுத்தீர்கள்?

திருப்பத்தூர் வாசகர்: உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் என்ன தெரியும்?

இந்தக் கேள்வியை யாரேனும் கேட்க மாட்டார்களா என்றிருந்தேன். பக்கத் தையலில் துணியின் ஓரம் உள்ளே மடங்கி மறைந்திருந்தால் நல்ல வேலை, ஓரம் பிரியாமல் நூல் சுற்றிய ஓவர்லாக் மட்டும் என்றால் சிக்கனம். ஓர் அங்குலத்தில் தையல்களை எண்ணுங்கள்: பத்துப் பன்னிரண்டு சாதாரணம், பதினெட்டுக்கு மேல் என்றால் நிதானமாக ஓட்டிய கை. காஜாவின், அதாவது பட்டன் துளையின், உள்விளிம்பில் பிசிறு இருக்கக் கூடாது. கோடு, கட்டம் போட்ட துணி என்றால் சட்டைப்பையின் கோடு பின்னாலுள்ள கோட்டோடு சேர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். அதைச் சேர்க்கத் துணியும் நேரமும் கூடச் செலவாகும் என்பதால், மலிவாக முடிக்க நினைப்பவர் முதலில் கைவிடுவது அதைத்தான். பட்டன் சிப்பியா பிளாஸ்டிக்கா என்பதற்கு, கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சிப்பி குளிரும்.

சிவகங்கை வாசகர்: ஜாக்கெட் தையலுக்கு...

அது வேறு கை. பெண்கள் தையற்காரரிடம் கேளுங்கள்.

காரைக்குடி வாசகர், மறுபடியும்: லினனையும் நனைக்க வேண்டுமா?

அதை முதலில்.