பலம் இருந்தால்தான் மற்ற நாடுகள் ஒரு நாட்டை மதிக்குமா?

பலத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள், மதிப்பு அப்படி வராது. மனிதர்களுக்குள் போலத்தான் நாடுகளுக்குள்ளும்: தவறை ஒப்புக்கொண்டு அதற்கான விலையையும் கொடுப்பவரைத்தான் நம்புகிறோம்.

மேற்கு ஜெர்மனியைப் பாருங்கள். 1970 டிசம்பர் 7 அன்று அதன் சான்சலர் (பிரதமரைப் போன்ற பதவி) வில்லி பிராண்ட், போலந்துத் தலைநகர் வார்சாவில், நாஜிகளை எதிர்த்து மடிந்த யூதர்களின் நினைவுச்சின்னத்தில் மலர்வளையம் வைத்தார். அப்புறம் யாரும் எதிர்பாராத விதமாக ஈரத் தரையில் மண்டியிட்டார். இத்தனைக்கும் அவர் ஹிட்லரை எதிர்த்தவர். 1933-லேயே நார்வேக்குத் தப்பிப் போனவர்.

சரி, மண்டியிட்டால் போதுமா? போதாது. போருக்குப் பின் ஜெர்மனியின் கிழக்குப் பகுதிகள் போலந்திடம் போயிருந்தன. அதே நாளில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் மேற்கு ஜெர்மனி ஓடர்-நைசே ஆறுகளை எல்லையாக ஏற்றது. அந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்ட லட்சக்கணக்கான ஜெர்மானியர்கள் மேற்கு ஜெர்மனியில் வாக்காளர்கள். அவர்களுடைய கோபத்தைத் தாங்கிக்கொண்டுதான் பிராண்ட் இதைச் செய்தார். மண்டியிட்டதைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

1971-ல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1990-ல், வேறொரு கட்சியின் ஆட்சியில், ஒன்றிணைந்த ஜெர்மனி அதே எல்லையைப் போலந்துடன் மீண்டும் ஒப்பந்தமாக எழுதி உறுதிசெய்தது.