நண்பரின் மகனுக்கு நிதி திரட்ட என் ஜிபே எண்ணைக் கொடுக்கலாமா?

கேள்வி: நண்பரின் மகனுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை. 22 லட்சம் ஆகுமாம். என் ஜிபே எண்ணை வாட்ஸப்பில் போட்டு நான் திரட்டினால் சட்டச் சிக்கல் வருமா? சிங்கப்பூரில் இருக்கும் வகுப்புத் தோழர்களும் தருவதாகச் சொல்கிறார்கள்.

பதில்: தாராளமாகத் திரட்டலாம். ஆனால் உங்கள் எண் வேண்டாம்.

இணையத்தில் உதவி கேட்டுப் பணம் திரட்டுவதற்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. அதனால் கேட்க ஆளில்லை என்று நினைத்துவிடாதீர்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா வந்தால், முழுத் தொகையையும் உங்கள் வருமானமாக வருமான வரித்துறை பார்க்கலாம். 'அது என் பணமில்லை சார்' என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். கணக்கு இடித்தால், நம்பிக்கை மோசடிக்கு, குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு இருக்கிறது.

எனவே மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுக் கடிதத்தை முத்திரையோடு வாங்குங்கள். நோயாளியின் பெயரில் முன்பணம் கட்டும் வங்கிக் கணக்கு விவரத்தையும் கேட்டு, இரண்டையும் சேர்த்தே பகிருங்கள். கொடுப்பவர்கள் நேராக அங்கேயே கட்டட்டும். வருமான வரிச் சலுகைக்கான 80ஜி ரசீது கேட்பவர்களிடம், பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாகக் கொடுத்தால்தான் அது கிடைக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிங்கப்பூர் நண்பர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட்? இந்திய பாஸ்போர்ட் என்றால், சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்புவதில் சிக்கலில்லை. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர், நம்ம ஊர்க்காரராகவே இருந்தாலும், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். அவர் பணத்தை நீங்கள் வாங்கி வைக்காதீர்கள். மருத்துவமனைக் கட்டணமாக அவரே செலுத்த முடியுமா என்று பில்லிங் பிரிவில் விசாரியுங்கள்.

அப்புறம், மிச்சப் பணம். சண்டை வருவது பெரும்பாலும் இதில்தான். 2021இல் கேரளத்தில் ஒரு குழந்தையின் 18 கோடி ரூபாய் மருந்துக்காகக் கேட்டபோது 46 கோடிக்கு மேல் குவிந்தது. இப்படித் திரட்டும் பணத்தை அரசு கண்காணிக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றமும் அந்த ஆண்டில் சொன்னது. உங்கள் முதல் செய்தியிலேயே இப்படி ஒரு வரி சேருங்கள்: 'தேவை 22 லட்சம். அது சேர்ந்ததும் நிறுத்திவிடுவோம். மீந்தால் அதே மருத்துவமனையில் இன்னொரு குழந்தையின் சிகிச்சைக்குப் போகும்.'