தானாகவா?

கேள்வி: மூளையில் தயாராகும் சரக்கு, நரம்புக்குள் கால் விரல் நுனிவரை தானாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறதாமே, எப்படி?
— ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: இந்தத் 'தானாகவே'யைத் தமிழிலிருந்து ஐந்து வருஷமாவது தள்ளிவைக்க வேண்டும் என்று இங்கே எத்தனையோ தடவை எழுதியாயிற்று. கண்ணாடி தானா உடைஞ்சுது, வண்டி தானா போய் இடிச்சுது, ஃபைல் தானா நகரும்! தாலுகா ஆபீஸ் பக்கம் போனவர்களைக் கேளுங்கள், எந்த ஃபைல் தானாக நகர்ந்தது என்று.

நரம்பிலும் அதே கதைதான். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கவும் ஒரு ஏடிபி, அதாவது செல்லின் எரிபொருள் மூலக்கூறு ஒன்று, வெட்டியாக வேண்டும். வெட்டினால் கைனெசின் என்ற புரதம் 8 நானோமீட்டர் எட்டி வைக்கும். இரண்டு கால், முதுகில் சரக்குப் பை, நடக்கும் பாதை 25 நானோமீட்டர் தடிமனுள்ள நுண்குழாய். பழையதைத் திருப்பிக் கொண்டுவருவது டைனீன் என்ற வேறொரு ஆள். வெறிநாய்க்கடி வைரஸ் டிக்கெட் எடுக்காமல் மேலே ஏறி வருவது இவன் வண்டியில்தான்.

சரக்கு கிளம்புவது மூளையிலிருந்தும் இல்லை. கால் விரலுக்குப் போகும் நரம்புச் செல்லின் உடல் இடுப்பு முதுகுப் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர். வேகமான பைகள் நாளுக்கு 400 மி.மீ. வரை போகும், இரண்டரை நாளில் விரல். நரம்புக்கு உள்சட்டமாக நிற்கும் நரம்பிழைப் புரதமோ நாளுக்கு 1 மி.மீ.கூடத் தேறினால் பெரிது. கிட்டத்தட்ட மூன்று வருஷம். அது மெதுவாக நடப்பதில்லை. நடக்கும்போது வேகமாகத்தான் நடக்கிறது, நின்றுகிடக்கும் நேரம்தான் அதிகம். கிராசிங்குக்கு ஒதுங்கி நிற்கும் பாசஞ்சர் ரயில்.

நரம்பு என்றால் கரண்ட் கம்பி என்று படம் போட்டு ஒப்பேற்றும் பாடநூல்காரர்களோடு எனக்குப் பழைய தகராறு. கம்பிக்குச் சோறு வேண்டாம், நரம்புக்கு வேண்டும். 1948லேயே வெய்ஸ், ஹிஸ்கோ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நரம்பை இறுக்கிக் காட்டினார்கள்: இறுக்கத்துக்கு மேல்பக்கம் சரக்கு தேங்கிப் புடைத்தது, தளர்த்தியதும் நகர்ந்தது.

பாதையையே பெயர்க்கும் ஆளும் உண்டு. நம் ஊர் நித்தியகல்யாணி, அதாவது சுடுகாட்டு மல்லி. அதிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் ரத்தப் புற்றுநோய்க்கு நல்ல மருந்து. செல் பிரிவதற்கு வேண்டிய நுண்குழாயைக் கட்டவிடாது; நரம்பிலும் அதே குழாய்தானே? நீளமான நரம்புக்குத்தான் முதல் அடி. ஆகவே கால் விரலில் ஊசி குத்தும், மரக்கும், கணுக்காலில் சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ளாது, மலச்சிக்கலும் வரும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 2 மி.கி.யோடு பல டாக்டர்கள் நிறுத்திக்கொள்வது இதனால்தான். இந்த மருந்து ஏறுகிறவர்கள் விரல் மரத்தால் அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். தானாகச் சரியாகிவிடும் என்று வீட்டில் யாராவது சொன்னால், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.