கணினியில் 5.1 தேர்வு காணாமல் போனால் எங்கே தேடுவது?

கேள்வி: என் மேசைக் கணினியில் மூன்று வயர் உள்ள 5.1 ஸ்பீக்கர் செட் (ஐந்து ஸ்பீக்கரும், ஆழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபரும்) நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்ட பிறகு, ஸ்பீக்கர் செட்டப்பில் ஸ்டீரியோ மட்டும்தான் இருக்கிறது. முன் ஸ்பீக்கர் இரண்டும் பாடுகின்றன, மற்றவை ஊமை. பின்பக்கம் பச்சை, நீலம், பிங்க் என மூன்று ஜாக்குகள்தான். எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குக் கொடுத்தாலும் ஸ்டீரியோதான் காட்டுகிறது. சவுண்ட் கார்டு போய்விட்டதா?

பதில்: பச்சை ஜாக்கில் சத்தம் வருகிறது, முன்பு 5.1 ஓடியும் இருக்கிறது. அதனால் கார்டு கெட்டுப்போக வாய்ப்பு மிகக் குறைவு. இப்போதைக்குப் புதிதாக எதையும் வாங்காதீர்கள்.

ஸ்பீக்கர் செட்டப்பில் வரும் பட்டியலை விண்டோஸ் தானாகப் போடுவதில்லை. ஒலியை வெளியே அனுப்பும் கருவியும், அதை இயக்கும் மென்பொருளான டிரைவரும் தங்களால் எத்தனை சேனல் (தனித்தனி ஒலித்தடம்) முடியும் என்று சொல்கின்றனவோ, அதைத்தான் காட்டுகிறது. எனவே செட்டிங்ஸைக் குடைவதைவிட, ஒலி போகும் வழியைப் பார்ப்பதுதான் பலன் தரும்.

உங்கள் விஷயத்தில் அந்த வழி மூன்று ஜாக்குகள். ஒரு 3.5 மி.மீ. ஜாக் இரண்டு சேனல்களைச் சுமக்கும். 5.1 என்பது ஆறு சேனல். அப்படியானால் மூன்று ஜாக்குகளும் ஒலியை வெளியே அனுப்ப வேண்டும். ஆனால் நீலம் வெளிக் கருவியின் ஒலியை உள்ளே வாங்கும் லைன் இன்னுக்கும், பிங்க் மைக்குக்கும் உரியவை. ஸ்பீக்கர் வந்தால் அந்த இரண்டையும் வெளியே அனுப்பும் ஜாக்காக மாற்றிக்கொடுப்பது மதர்போர்டு நிறுவனம் தரும் ஆடியோ டிரைவரின் வேலை. புது விண்டோஸோடு வரும் பொது டிரைவர் அதைச் செய்வதில்லை. அது பச்சையை மட்டும் எண்ணி, இரண்டு சேனல் என்று சொல்லிவிடுகிறது.

இதை உறுதிசெய்ய டிவைஸ் மேனேஜரைத் திறந்து, சவுண்ட் கன்ட்ரோலர்கள் உள்ள பகுதியை விரியுங்கள். வெறுமனே 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்று இருந்தால் அது பொது டிரைவர். உங்கள் மதர்போர்டின் மாடல் எண்ணை வைத்து, அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே ஆடியோ டிரைவரை இறக்கி நிறுவி, கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலும் ஆடியோ சிப் நிறுவனமான ரியல்டெக்கின் பெயரில் இருக்கும். டிரைவர் தேடித் தருகிறேன் என்று வரும் மூன்றாம் தரப்பு மென்பொருள்களை நம்ப வேண்டாம்.

அப்புறம் ரியல்டெக்கின் ஆடியோ கன்சோலைத் திறந்து, அங்கே 5.1 தேர்ந்தெடுங்கள். சில புது டிரைவர்களில் இந்த கன்சோல் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து தனியாக வரும். வயரைச் செருகும்போது, எதைச் செருகினீர்கள் என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கலாம். அவசரத்தில் மூடிவிடாமல் சரியான ஸ்பீக்கரைக் காட்டுங்கள். மூன்று ஜாக் உள்ள மதர்போர்டுகளில் பெரும்பாலும் பச்சை முன் ஸ்பீக்கருக்கு, நீலம் பின் ஸ்பீக்கருக்கு, பிங்க் சென்டருக்கும் சப்வூஃபருக்கும். ஸ்பீக்கர் வயரின் நிறம் கறுப்பு, ஆரஞ்சு என்று வேறாக இருக்கும்; குழம்ப வேண்டாம், கறுப்பு நீலத்துக்கு, ஆரஞ்சு பிங்குக்கு. மைக் இருந்தால் கேபினட்டின் முன்பக்க ஜாக்குக்கு மாற்றிவிடுங்கள்.

இனி சவுண்ட் கன்ட்ரோல் பேனலில் பிளேபேக், அதில் உங்கள் ஸ்பீக்கர், பிறகு கான்ஃபிகர். 5.1 வந்திருக்கும். டெஸ்ட் பட்டனை அழுத்தி, திரையில் எந்த ஸ்பீக்கர் ஒளிர்கிறதோ அதில்தான் சத்தம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சென்டரின் சத்தம் சப்வூஃபருக்குள் அமுங்கி முனகினால், அந்த இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. ரியல்டெக் மென்பொருளில் அவற்றை மாற்றிக்கொள்ளும் தேர்வு இருந்தால் டிக் செய்தால் போதும்.

எல்லாம் சரியான பிறகும் பாட்டு முன் இரண்டில் மட்டும் கேட்கலாம். அது கோளாறு இல்லை. பாட்டு ஸ்டீரியோவாகப் பதிவாகியிருக்கிறது, அவ்வளவுதான். டெஸ்ட் ஒலி ஆறிலும் வந்தால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

இனி எச்டிஎம்ஐ. இணைத்தவுடன் டிவி தன் திறனைக் கணினியிடம் சொல்லும். ஈடிஐடி என்று அதற்குப் பெயர். பெரும்பாலான டிவிகள் இரண்டு சேனல் என்றே சொல்கின்றன, கணினியும் ஸ்டீரியோவோடு நிறுத்திக்கொள்கிறது. உங்கள் மூன்று வயர் செட்டுக்கு அந்த வழியே வேண்டாம். ஏவி ரிசீவர் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குத் தரும் பெட்டி) வைத்திருப்பவர்கள் கணினியை முதலில் ரிசீவருக்கும், அங்கிருந்து டிவிக்கும் கொடுத்தால், பட்டியலில் 5.1, 7.1 இரண்டும் வர வாய்ப்பு அதிகம். ரிசீவர் ஆன் ஆகியிருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஆப்டிகல் கேபிளில் நிலைமை வேறு. சுருக்கப்படாத ஒலியாக இரண்டு சேனல்தான் அதில் போகும். படத்தில் சுருக்கப்பட்டே இருக்கும் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் ஒலியை அப்படியே ரிசீவருக்கு அனுப்பினால் 5.1 கிடைக்கும். கேமுக்கும் வேண்டுமென்றால் டால்பி டிஜிட்டல் லைவ் போல உடனுக்குடன் சுருக்கித் தரும் வசதி சவுண்ட் கார்டில் இருக்க வேண்டும்.