இன்னும் வரேல்லை

வணக்கம் ஐயா,

கரவெட்டியில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ரியூசன் வகுப்பில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். 'ஓல்ரெடி' என்ற ஒரு சொல்லோடு மூன்று கிழமையாக மல்லுக்கட்டுகிறேன். 'ஓல்ரெடி ஐ ஈட்' என்கிறான் ஒருவன். 'த பஸ் ஹாஸ் ஓல்ரெடி லெஃப்ட் அட் செவன்' என்று எழுதுகிறாள் இன்னொருத்தி. வசனத்தில் அது எங்கே வரவேண்டும் என்பதற்கு ஒரு நிரந்தர விதி உண்டா? அமெரிக்கர் 'ஹாவ்' இல்லாமலே சொல்கிறார்களே, அது சரியா? தமிழில் யோசிப்பதால்தான் இந்தப் பிழைகள் வருகின்றன என்று, வகுப்பில் தமிழ் கதைத்தால் 10 ரூபா தண்டம் வைத்திருக்கிறேன். அப்படியும் திருந்துகிறார்கள் இல்லை.

– ஓர் ஆங்கில ஆசிரியை

அன்புள்ள தங்கச்சி,

ஒரு சொல்லுக்காக மூன்று கிழமை மினக்கெடுகிற ரீச்சர் கிடைத்தது அந்தப் பிள்ளைகளின் அதிர்ஷ்டம். இடம் பற்றிய கேள்விக்கு விடை சின்னது. 'ஹாவ்', 'ஹாஸ்', 'ஹாட்' வந்தால் அதற்கும் வினைக்கும் நடுவில்: 'ஐ ஹாவ் ஓல்ரெடி ஈட்டன்'. 'இஸ்', 'ஆர்', 'வொஸ்' தனியே நின்றால் அதற்குப் பின்னால்: 'ஷீ இஸ் ஓல்ரெடி ஹியர்'. துணைவினை இல்லாவிட்டால் வினைக்கு முன்னால்: 'ஹீ ஓல்ரெடி நோஸ்'. கடைசியில் வைத்தாலும் பிழையில்லை, அழுத்தம் கூடும். வசனத்தின் தொடக்கத்தில் வைக்க வேண்டாம். அமெரிக்கரின் 'ஐ ஓல்ரெடி ஏட்' அவர்கள் பேச்சுக்குச் சரி. உங்கள் பிள்ளைகள் பிரித்தானிய வழக்கைப் படிக்கட்டும், அதோடு விடுங்கள்.

தண்டத்தைத்தான் என்னால் விடமுடியவில்லை. தமிழில் யோசிப்பதால் பிழை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தான் சொல்கிற தமிழை ஒருமுறைகூட நின்று பார்க்காததால்தான், தங்கச்சி, பிழை வருகிறது. அதைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்க வேண்டிய நீங்கள் வாயைப் பொத்தச் சொல்கிறீர்கள்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நின்று 'பருத்தித்துறை பஸ் போட்டுதோ?' என்று கேட்கிறோம். 'போட்டுது' என்று பதில் வருகிறது. அந்த ஒரு சொல்லை உரித்துப் பாருங்கள். போய் என்பதோடு 'விடு' சேர்ந்து போய்விட்டது ஆகி, எங்கள் வாயில் போட்டுது என்று சுருங்கியிருக்கிறது. 'போனது' என்றால் போன செய்தி மட்டும். 'போட்டுது' என்றால் காரியம் முடிந்தது, பஸ் இப்போது இங்கே இல்லை, இனி நிற்பதில் பயனில்லை. ஆங்கிலக்காரனுக்கு 'ஹாஸ் ஓல்ரெடி லெஃப்ட்' என்ற மூன்று சொல் தேவைப்படுகிற இடத்தில் எங்களுக்கு அந்த 'விடு' போதும். 'சாப்பிட்டிட்டன்', 'எழுதியிட்டன்' எல்லாம் இதே அச்சு. அந்தப் பையன் 'ஹாவ்' போடாததற்குக் காரணம், தன் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிற 'விடு'வை யாரும் அவனுக்குக் காட்டாததுதான்.

'ஹாஸ் ஓல்ரெடி லெஃப்ட் அட் செவன்' என்று எழுதிய பிள்ளையின் பிழையும் இங்கேதான் பிறக்கிறது. 'ஏழு மணிக்கே போட்டுது' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். 'விடு' நேரத்தோடு சண்டை பிடிக்காது. ஆங்கில 'ஹாஸ்' பிடிக்கும். ஏழு மணி, நேற்று, போன கிழமை என்று முடிந்துபோன நேரம் வந்தவுடன் 'ஹாஸ்' வெளியேற வேண்டும்: 'த பஸ் லெஃப்ட் அட் செவன்'. இன்னொரு வித்தியாசமும் உண்டு. 'நாங்கள் கொக்குவில் ஸ்டேஷனுக்குப் போக யாழ்தேவி போட்டுது' என்பதிலும் அதே போட்டுதுதான். ஆங்கிலத்தில் அங்கே 'ஹாட் ஓல்ரெடி லெஃப்ட்'. நாங்கள் போய்ச் சேர்ந்ததே பழைய கதை, ரெயில் போனது அதற்கும் முந்தியது.

'ஓல்ரெடி என்றால் ஏற்கெனவே' என்று கரும்பலகையில் எழுதியிருப்பீர்கள். அழித்துவிடுங்கள். 'ஏற்கெனவே அவர் இங்கை இருந்தவர்' என்றால் முன்பு இருந்தார், இப்போது இல்லை. இதில் 'ஓல்ரெடி' போட்டால் கருத்தே மாறும். 'ஹீ யூஸ்ட் டு லிவ் ஹியர்' என்பதே சரி. சாப்பிடப் போன பிள்ளை இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தால் அம்மா 'அதுக்குள்ளை சாப்பிட்டாச்சோ?' என்பா. அந்த 'அதுக்குள்ளை'தான் 'ஹாவ் யூ ஈட்டன் ஓல்ரெடி?' என்பதில் வருகிற ஆச்சரியம். ஆச்சரியமில்லாமல் சும்மா கேட்டால் கடைசியில் 'யெட்' வரும். 'இல்லை' என்கிற வசனத்திலும் பொதுவாக 'யெட்'தான்.

இனி 'இன்னும்'. உங்கள் கடிதத்தில் இந்தச் சொல்லே இல்லை, ஆனால் 'ஓல்ரெடி'யை விட இதுதான் பிள்ளைகளை விழுத்துகிறது. 'இன்னும் கொழும்பிலைதான் இருக்கிறார்', 'இன்னும் வரேல்லை', 'இன்னும் கொஞ்சம் போடுங்கோ', 'இன்னும் ரெண்டு நாள்'. ஒரே சொல்லு, ஆனால் ஆங்கிலத்துக்கு நான்கு வேறு சொல் வேண்டும். அகராதியில் முதலில் கண்டதைப் பிள்ளை எல்லா இடத்திலும் ஒட்டுகிறது, 'ஹீ இஸ் யெட் இன் கொழும்பு' பிறக்கிறது.

இதற்குச் சோதனையும் தமிழிலேயே இருக்கிறது. 'இன்னும்' இருக்கிற இடத்தில் 'இப்பவும்' வைத்துப் பாருங்கள். பொருந்தினால் 'ஸ்டில்'. 'இதுவரைக்கும்' வைத்து, வசனம் 'இல்லை'யில் முடிந்தால் 'யெட்', அதையும் கடைசியில். 'மேலும்' பொருந்தினால், அளவுக்கு 'மோர்', 'ரெண்டு நாள்' போல எண்ணோடு வந்தால் 'அனதர்'. 'வரேல்லை'க்கு முதல் இரண்டுமே பொருந்தும், அங்கே குரலைக் கேட்க வேண்டும். சும்மா தகவல் என்றால் 'ஹீ ஹாஸ் நொட் கம் யெட்'. வாசலில் நின்று பார்த்துப் பார்த்துக் களைத்தவர் சொன்னால் 'ஹீ ஸ்டில் ஹாஸ் நொட் கம்'. 'ஸ்டில்' 'ஹாஸ்'க்கு முன்னால் வருவதைக் கவனியுங்கள்.

பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டில் காதில் விழுந்த ஐந்து 'இன்னும்' வசனங்களைக் கொப்பியில் எழுதிவரட்டும். அம்மாவும் அம்மம்மாவும் சொன்னபடியே, 'வரேல்லை' என்றால் 'வரேல்லை' என்றே எழுதவேண்டும். வகுப்பில் ஒவ்வொன்றாக மாற்றுச் சொல்லை வைத்துப் பார்த்த பிறகுதான் ஆங்கிலத்துக்குப் போகவேண்டும். அதே ஐந்தை மறுகிழமை கொப்பி பார்க்காமல் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இதைத் தமிழ் கதைக்காமல் செய்யமுடியாது. இதுவரை சேர்த்த பத்து ரூபாய்களை முதலில் அந்தந்தப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுங்கள்.