கைம்மாறு கருதாத சேவையும் கழகக் கணக்கும்

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் பொருளாளராக இருக்கிறேன். விளையாட்டு முகாமைத்துவத்தில் ஒரு டிப்ளோமாக் கற்கைநெறியையும் அண்மையில் முடித்தேன். தன்னலமற்ற சேவை பற்றிப் பாடத்திலும் பேசினார்கள், கழகக் கூட்டங்களிலும் பேசுகிறார்கள். மற்றவரைத் தோற்கடிப்பதையே நோக்கமாகக் கொண்ட விளையாட்டில் அதற்கு உண்மையில் இடமுண்டா? இன்னொரு கேள்வி நடைமுறை சார்ந்தது. வெளிநாட்டிலுள்ள ஊரவர்கள் அனுப்பிய பணத்தில் உதைபந்தாட்டப் பயிற்றுநருக்கு மாதக் கொடுப்பனவு வழங்கலாம் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். "நாங்கள் கைக்காசு போட்டுச் செய்தோம், காசுக்குச் செய்தால் அது சேவையா?" என்று மூத்தவர்கள் மறுக்கிறார்கள். யார் பக்கம் நியாயம்? பெண்பிள்ளைகளின் வலைப்பந்தாட்ட அணிக்கோ பயிற்றுநரே கிடைக்கவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், அளவெட்டி

அன்புள்ள வாசகருக்கு,

முதற் கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, 1987 கிரிக்கெட் உலகக் கிண்ணத்தில் லாகூரில் நடந்த ஆட்டம். கடைசிப் பந்தை வீச ஓடிவந்த மேற்கிந்தியத் தீவுகளின் கோட்னி வோல்ஷ், பந்து வீசப்படும் முன்பே தன் முனையின் கோட்டை விட்டு முன்னே சென்றுவிட்ட பாகிஸ்தானின் சலீம் ஜாபரை ஆட்டமிழக்கச் செய்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் நின்றுவிட்டார். மேற்கிந்தியத் தீவுகள் அணி அந்த ஆட்டத்தில் ஒரு விக்கெட்டால் தோற்றது, அரையிறுதிக்கும் போகவில்லை. அழகான செயல்தான், ஆனால் இதை நான் தன்னலமின்மை என்பதைவிட, தனக்குப் பிடிக்காத வழியில் வெல்ல மறுத்த ஒருவரின் தன்மானம் என்றே கொள்வேன்.

உங்கள் கேள்விக்குப் பொருத்தமானவர் கனடாவின் பாய்மரப் படகோட்டி லோரன்ஸ் லெமியூ. 1988 சியோல் ஒலிம்பிக்கின் படகோட்டப் போட்டிகள் பூசான் கடலில் நடந்தபோது, ஒரு சுற்றில் இரண்டாம் இடத்தில் சென்றுகொண்டிருந்த அவர், வேறொரு போட்டிப் பிரிவைச் சேர்ந்த சிங்கப்பூர் வீரர்கள் கடலில் தத்தளிப்பதைக் கண்டு, தம் பாதையை விட்டு விலகிப்போய் அவர்களைக் காப்பாற்றினார். அதற்குப் பின் நடந்ததையே விளையாட்டு முகாமைத்துவம் படித்தவர்கள் கவனிக்க வேண்டும். அந்தச் சுற்றில் அவருக்கு இரண்டாம் இடத்தையே வழங்க நடுவர் குழு தீர்மானித்தது. காப்பாற்றியது ஒரு மனிதரின் மனம். அப்படிக் காப்பாற்றியவர் அதனால் இழப்படையாமல் பார்த்துக்கொண்டது நிர்வாகம். முகாமைத்துவம் தன்னலமின்மையை ஆட்களிடம் கட்டளையிட்டுப் பெற முடியாது, ஆனால் அது தானாக வரும்போது கொடுப்பவரைத் தேய்த்துவிடாமல் தாங்கிக்கொள்ள முடியும், தாங்க வேண்டும்.

நம் கழகங்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். விடியற்காலையில் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுபவர், கரையோர நடுவராகக் கொடி பிடிப்பவர், கால் முறிந்த பிள்ளையைத் தன் ஓட்டோவில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்பவர் ஆகியோரின் உழைப்பில்தான் ஊர் விளையாட்டு நிற்கிறது. 1904 முதல் யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் ஆடிவரும் கிரிக்கெட் ஆட்டமான வடக்கின் பெரும் சமரில்கூட, பெயர் பதியப்படுவது ஆடியவர்களுக்குத்தான். அதில் தவறில்லை. ஆனால் ஒரே ஆள் பல ஆண்டுகளாக எல்லா வேலைகளையும் சுமக்கும் கழகம், அவர் நோயில் விழுந்த அன்றே மூடப்பட்டுவிடும். லண்டன் புஷி பூங்காவில் 2004இல் 13 பேர் ஓடித் தொடங்கிய பார்க்ரன் வாராந்த ஓட்டம் பல நாடுகளுக்குப் பரவியதற்கு ஒரு காரணம், அதன் தொண்டர் வேலைகள் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பது. இந்த வாரம் நேரம் பிடிப்பவர் அடுத்த வாரம் ஓடலாம்.

கொடுப்பனவு பற்றி மூத்தவர்கள் அஞ்சுவதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் பராமரிப்பு நிலையங்களில், பிள்ளையை அழைத்துச் செல்லப் பிந்தி வரும் பெற்றோருக்குச் சிறு தண்டப்பணம் விதித்துப் பார்த்தார்கள். 2000இல் வெளியான அந்த ஆய்வின்படி பிந்தி வருவோர் தொகை கூடியது, தண்டத்தை நீக்கிய பின்னும் குறையவில்லை. கடமையுணர்வு இருந்த இடத்தில் சிறு தொகை நுழைந்தால் உறவின் தன்மையே மாறலாம். ஆகவே கோடு போடுபவருக்கும் கொடி பிடிப்பவருக்கும் கூலி நிர்ணயிக்காதீர்கள்.

பயிற்றுநரின் நிலை வேறு. கிழமையில் பல மாலைகள் வந்து நிற்பது தொழில். கைக்காசு போட்டுச் செய்த மூத்தவர்களிற் பலருக்கு அரச உத்தியோகமோ தோட்டக் காணியோ இருந்தது. இன்று பயிற்சி கொடுக்கக்கூடிய இளைஞர் நாட்கூலிக்குப் போகிறவராக இருந்தால், இலவசமாக வா என்பது, வசதி உள்ளவர் மட்டும் வா என்பதாகிவிடும். வலைப்பந்தாட்டத்துக்கு ஆள் கிடைக்காததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பாடசாலைக் காலத்தில் நன்றாக ஆடிய பெண்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அவர்களுடைய மாலை நேரம் சமையலறைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டது. ஊதியமும் இல்லாத வேலைக்கு அந்த நேரத்தை விட்டுக்கொடுக்கும்படி வீட்டாரிடம் அவர்கள் எப்படிக் கேட்பது?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஒரு சதமும் எடுக்காமல் உழைக்கிறேன், என்னிடமா கணக்குக் கேட்கிறீர்கள்?" என்ற பேச்சை நம் பொதுக்கூட்டங்களில் கேட்காதவர் இல்லை. ஊதியமில்லாத சேவை, தலைவர் பதவிக்கான காணி உறுதிபோல மாறுவது இப்படித்தான். வெளிநாட்டிலிருந்து கொடுப்பவர்களிலும் சிலர், பணத்தோடு அணித்தெரிவில் ஒரு வாக்கையும் சேர்த்து அனுப்புகிறார்கள். ஞாபகார்த்தக் கிண்ணங்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை, பந்துக்குக் காற்றடிக்கும் பம்புக்குத்தான் பஞ்சம். எதற்குப் பணம் தேவை என்பதைக் கழகம் முதலில் எழுதி அனுப்பட்டும், கொடுப்பவர் அதிலிருந்து ஒன்றைத் தெரிவு செய்யட்டும்.

ஆகவே அடுத்த பொதுக்கூட்டத்தில், பயிற்றுநர் கொடுப்பனவை ஓராண்டு எழுத்து உடன்படிக்கையாக முன்வையுங்கள். கழகக் கணக்கை, பொருளாளரான நீங்கள் அல்லாத ஒருவர் பார்த்து வாசிக்கட்டும். இரண்டு பயிற்றுநர்களுக்குக் கொடுக்கப் பணம் போதாவிட்டால், வலைப்பந்தாட்டத்திலிருந்து தொடங்குங்கள். உதைபந்தாட்டத்துக்கு இன்றும் யாரோ ஒருவர் வந்து நிற்கிறார்.